கவிழ்த்த பலகைக்குக் காரணம் கேட்பதில்லை

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சயேகோ வழிகாட்டிகள் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே சுவரண்டை போனாள். ஆணிகளில் தொங்கிய ஆறு பெயர்ப் பலகைகளில் தன்னுடையதை எடுத்துக் கவிழ்த்து மாட்டினாள்.

"பூட்ஸு! பூட்ஸு!" என்று கத்தினார் நருமி. அவர்தான் சங்கத்தின் தலைவர், அறுபத்திரண்டு வயது. மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்று உருண்டையும் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து யாரும் பூட்ஸோடு அந்த மரத்தரையை மிதித்ததில்லை. பனி உருகித் தரையில் ஓடுவதைப் பார்த்துக் கொதித்தவர், அதற்குப் பிறகுதான் பலகையைப் பார்த்தார்.

"இன்னைக்கா?" என்றார். "அடிப்பாவி, இன்னைக்கேவா?"

"இன்னைக்குத்தாண்ணே. பூட்ஸை இப்போ கழட்டிடறேன், தரையையும் நானே துடைக்கிறேன். பலகை மட்டும் அப்படியேதான் இருக்கும்."

அந்தச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. நபேகுராவுக்கு ஆட்களை அழைத்துப்போவதில் ஆறு வழிகாட்டிகளில் யாருக்காவது மனம் ஒப்பவில்லையென்றால் அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தன் பலகையைக் கவிழ்த்தால் போதும். ஒரே ஒரு பலகை கவிழ்ந்தாலும் அன்றைக்கு சங்கத்து ஆட்கள் எவரும் நபேகுராவில் கால் வைக்கக் கூடாது. ஏன் கவிழ்த்தாய் என்று யாரும் கேட்கவும் கூடாது. தலைவரானாலும் சரி, எவ்வளவு மூத்தவரானாலும் சரி. மறுநாள் காலை பலகைகள் நிமிர்த்தப்படும், எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

நபேகுரா என்பது ஊருக்கு மேலே மலையின் வடகிழக்கு முகத்தில் பானையின் உட்புறம்போல் குழிந்து கிடக்கும் பெரிய பள்ளம். மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. பனிச்சறுக்குக் கட்டையோடு வருகிறவர்கள் கனவில்கூட அந்தச் சரிவைத்தான் காண்கிறார்கள். மூன்று நாள் விடாமல் கொட்டிய பனி நின்று, வானம் பளிச்சென்று நீலமாக விடிந்த காலை அது. இப்படி ஒரு காலைக்காகத்தான் ஆட்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். இப்படி ஒரு காலையில்தான் சாகவும் சாகிறார்கள். இது அந்தச் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீல வானத்தைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது, என்ன செய்ய!

காரணம் கேட்கக் கூடாதுதான். ஆனால் சயேகோ சொல்லாமல் விடுகிற ரகம் இல்லை.

"போன வாரம் ரெண்டு நாள் காத்தே இல்லாம வெறைச்சுதே, ஞாபகம் இருக்கா? பனிக்கு மேல இறகு மாதிரி உறைபனி பூத்துக் கிடந்துச்சு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அந்தப் பூ எங்கயும் போகலை. அதுக்கு மேலதான் இடுப்பளவு பனி உக்காந்திருக்கு. நேத்து சாயங்காலம் காட்டோரத்துல, அதே திசையில சின்னச் சரிவு ஒண்ணைத் தோண்டித் தூண் மாதிரி வெட்டி எடுத்துத் தட்டிப் பாத்தேன். மணிக்கட்டால பத்து தட்டு, ஒண்ணும் ஆகலை. முழங்கையால ரெண்டாவது தட்டு. மேல் பாளம் அப்படியே வழுக்கி என் மடியில வந்து விழுந்துச்சு."

"முப்பது தட்டுத் தாங்க வேண்டியது பன்னெண்டுலயா?" என்று கேட்டான் மூலையில் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த ஷின்பெய். முப்பத்தொரு வயது, சங்கத்தில் எல்லாரையும்விட நன்றாகச் சறுக்குகிறவன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் அவனிடம் உள்ள குறை. "அது காட்டோரம்தானேக்கா. நபேகுராவுல காத்து அடிச்சு அந்தப் பூவெல்லாம் எப்பவோ பறந்திருக்கும்."

"பறந்திருக்கலாம். பறக்காமலும் இருந்திருக்கலாம். போய்ப் பாத்துச் சொல்ல ஆள் வேணும்னா உன்னைத்தான் அனுப்பணும். நீ திரும்பி வந்து சொல்லணுமே, அதான் யோசிக்கிறேன்."

நருமி கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டில் வைத்தார். அவருடைய கவலை வேறு. தோக்கியோவிலிருந்து கிதாஜிமா என்பவர் ஏழு பேரோடு வந்து விடுதியில் தங்கியிருந்தார். சுற்றுலா நிறுவனம் நடத்துகிறவர். நபேகுரா பிடித்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு குழுவை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் ஊரின் இழுவை நாற்காலிகள் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வழிகாட்டிகள் இருந்த சங்கத்தில் இப்போது ஆறு பேர். அடுத்த குளிர்காலத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நருமி யாரிடமும் கேட்கத் துணியவில்லை.

ஆனாலும் அன்று அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விதியை உண்டாக்கியவரே அவர்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஊரின் தலைசிறந்த வழிகாட்டி ஒரிகாசா. சயேகோவுக்கு அப்போது இருபத்தேழு வயது, அவருக்குத் துணையாகப் போய்வந்துகொண்டிருந்தாள். பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி காலை நபேகுராவின் வாயில் பனித் தூணை வெட்டித் தட்டிப் பார்த்தவள் அவள்தான். பதினொன்றாவது தட்டில் அது உடைந்தது. சொல்லலாம் என்று திரும்பினாள். அதற்குள் ஒரிகாசா பூட்ஸை இறுக்கிவிட்டு விருந்தினர்களிடம் "போகலாம்" என்று சொல்லிவிட்டார். மூத்தவர் போகலாம் என்று சொன்ன பிறகு இளையவர் வேண்டாம் என்று சொல்வது அந்த ஊரில் நடக்காத காரியம். அவருக்குத் தெரியாததா என்று சயேகோவும் வாயை மூடிக்கொண்டாள். இருபது நிமிஷத்தில் சரிவு இறங்கியது. ஒரிகாசாவும் இரண்டு விருந்தினர்களும் பனிக்கு அடியில் போனார்கள். வரிசையில் கடைசியாக வந்த சயேகோதான் முதலில் தோண்டத் தொடங்கினாள். ஒரிகாசாவின் முகம் வெளியே தெரிந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஈமச்சடங்கு முடிந்து சங்கம் கூடியபோது அவள் எழுந்து நின்று சொன்னாள்: "எனக்குத் தெரியும். நான் சொல்லலை." நருமி ஒரிகாசாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அன்று எழுந்து போனார். மறுவாரம் செடார் மரத்தில் தானே சீவி எடுத்த பலகைகளோடு வந்தார். ஒவ்வொருவர் பெயரையும் மையால் எழுதி மாட்டினார். "வாயைத் தொறக்க முடியாதவனுக்குக் கையாவது இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

அதற்குப் பிறகு பலகை கவிழ்ந்தது இருபத்து மூன்று முறை. அதில் பதினேழு சயேகோவுடையது.

வருஷந்தோறும் ஒரிகாசா இறந்த அந்தத் தேதியில் அவளும் நருமியும் நபேகுராவுக்குப் போவார்கள். ஒரு சின்னக் குப்பி சாகே மது, ஒரிகாசா பிடிக்கும் சிகரெட் இரண்டு. பதினெட்டு வருஷமும் அந்தத் தேதியில் வானம் கெடவில்லை, எந்தப் பலகையும் கவிழவில்லை. மலை அந்த ஒரு நாளைத் தனக்காக விட்டுக்கொடுக்கிறது என்று சயேகோ ரகசியமாக நம்பியிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை தோக்கியோ ஆட்களை அவள் பீச் மரக் காட்டு முகட்டுக்கு அழைத்துப்போனாள். சாய்வு குறைந்த இடம், மரங்கள் நெருக்கம், பயமில்லை. கிதாஜிமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்கு எதிர்ப்பக்கம் மூன்று புள்ளிகள் தெரிந்தன. செந்தாய் நகரத்திலிருந்து வந்திருந்த கல்லூரிப் பசங்கள், வழிகாட்டி இல்லாமல். நபேகுராவின் உச்சியிலிருந்து ஒருவன் பின் ஒருவனாகக் கூவிக்கொண்டே இறங்கினார்கள். வெள்ளைச் சரிவில் மூன்று வளைகோடுகள் விழுந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"மேடம், அது விழுந்துச்சா?" என்று கேட்டார் கிதாஜிமா, கேமராவை இறக்காமல்.

"இல்லை."

"மூணு பேரும் உயிரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க. சந்தோஷம்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறையில் சயேகோ நுழைந்ததும், கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரி ஆரம்பித்தாள்.

"என்ன சயேகோ, மலை உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற செஞ்சிடுச்சாமே?"

"வண்டி வரலைங்கறதுக்காகக் கண்ணை மூடிட்டு ரோட்டைத் தாண்டினவன் கெட்டிக்காரனா? உன் பையன் அப்படித் தாண்டினா முதுகுல தட்டிக் கொடுப்பியா, ரெண்டு அறை விடுவியா?"

மளிகைக்கடைக்காரி தலையை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது சயேகோவுக்குத் தெரிந்தே இருந்தது. உள்ளே எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் சூடான தொட்டியில் போய் இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் கவிழ்த்தாள். இந்த முறை பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்துதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு நருமி சங்கத்தைக் கூட்டினார். பாயில் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நருமி தன் முழங்காலைப் பார்த்தபடியே பேசினார்.

"விதியை எடுக்கச் சொல்லலை. இந்த ஒரு வாரம் மட்டும் நிறுத்தி வைப்போம். பெரும்பாலானவங்க என்ன சொல்றாங்களோ அப்படிச் செய்வோம். கிதாஜிமா வியாழக்கிழமை கிளம்பறார். அவர் மனசு கசந்து போனா..."

"அக்கா," என்றான் ஷின்பெய். "உங்க மேல எனக்கு மரியாதை இல்லைன்னு நெனைக்காதீங்க. ஆனா நேத்து மூணு பேர் இறங்கினாங்க. இன்னைக்கும் ரெண்டு பேர். ஒரு பொடிகூட அசையலை. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

"அஞ்சு பேர் போய்ட்டு வந்தா அஞ்சு பேர் போய்ட்டு வந்தாங்கன்னு அர்த்தம். ஆறாவது ஆளுக்கு அது ஒண்ணும் எழுதிக் கொடுக்காது. அந்தப் பூ ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கனத்துல புதைஞ்சிருக்கும்டா. எந்த இடத்துல கால் பட்டா விட்டுக்கொடுக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்கு எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேர் வழிகாட்டியா?"

"தெரியாதுன்னு சொல்லியே பத்து வருஷம் ஓட்டலாம்க்கா."

"ஓட்டுவேன். பத்து வருஷம் ஓட்டி, பத்து வருஷமும் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்."

கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கைகள் உயர்ந்தன. நருமியின் கை கடைசியாக, காதுவரைகூட எட்டாமல் உயர்ந்தது.

சயேகோ எழுந்து சுவரண்டை போனாள். நிமிர்ந்திருந்த ஐந்து பலகைகளையும் கவிழ்ந்திருந்த தன் பலகையையும் பார்த்தாள்.

"நீங்க சீவின பலகைண்ணே இது," என்றாள். "நாளைக்கு இதை யாரும் நிமிர்த்த வேண்டாம். நான் எங்க போனாலும் இது இப்படியே இருக்கட்டும்."

நருமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் அடுப்பின் மேலிருந்த கெண்டியின் மூடி ஆடியது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் குழு கிளம்பியது. முன்னால் ஷின்பெய், நடுவில் எட்டு விருந்தினர், கடைசியில் நருமி. எல்லார் மார்பிலும் பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, முதுகில் பனிவாரியும் நீளக் குத்துக்கோலும். வழுக்காமல் ஏறக் கட்டைகளுக்கு அடியில் தோல் ஒட்டி, பீச் காட்டின் வழியே ஒரு மணி நேரம் ஏறினார்கள். காடு முடிந்து நபேகுராவின் சமதளம் தொடங்கும் இடத்தில் இரண்டு முதிய பீச் மரங்கள் கதவு நிலைபோல் நிற்கும். தடம் அவற்றின் நடுவேதான் போகிறது.

அந்தத் தடத்தில் சயேகோ உட்கார்ந்திருந்தாள். கட்டைகளைக் கழற்றி இரு மரங்களுக்கும் இடையே குறுக்காக நட்டிருந்தாள். முதுகுப்பையைக் கீழே போட்டு, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து குடுவையிலிருந்து மிசோ சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எழுந்திரிங்க."

"மாட்டேன்."

"சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

"சங்கத்துக்குக் கட்டுப்பட்டு நான் சங்கத்து ஆளா யாரையும் கூட்டிட்டு வரலையே. சும்மா உக்காந்து சூப் குடிக்கிறேன். காடு உங்கப்பன் வீட்டுதா?"

"நருமி அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!" என்று ஷின்பெய் பின்னால் திரும்பிக் கத்தினான். நருமி வரிசையின் கடைசியிலிருந்து ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. சயேகோவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் விரிந்த வெள்ளைப் பள்ளத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு செய்யலாம்," என்றாள் சயேகோ. "உங்க எட்டுப் பேரையும் தனித்தனியா கேளுங்க. வயசுல சின்னவரை முதல்ல. கிதாஜிமா சார் முகத்தைப் பாக்காம, அந்த மரத்தைப் பாத்துட்டுப் பதில் சொல்லட்டும். எட்டுப் பேரும் போகணும்னா நான் எழுந்திரிக்கிறேன்."

எட்டுப் பேரில் ஒரு பெண் உடனே மரத்தைப் பார்த்தாள். கிதாஜிமா அதைக் கவனித்துவிட்டார். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாளா இந்த அம்மாவோட மல்லுக்கு நிக்கறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றவர், யாரும் தடுப்பதற்குள் மரத்தைச் சுற்றி இறங்கித் தடமில்லாத பனியில் சமதளத்துக்குள் நடந்தார்.

"சார், நில்லுங்க! அது சமதளமா இருந்தாலும் மேல இருக்கறதோட ஒட்டிக்கிட்டுத்தான்..."

அவள் முடிக்கவில்லை. பதினைந்தாவது அடியில் பனி பெருமூச்சு விட்டது. ஆழத்தில் எங்கோ 'வூம்ப்' என்று ஒரு சத்தம். கிதாஜிமாவைச் சுற்றிப் பனித்தரை ஒரு கையளவு கீழே இறங்கியது. அந்தச் சத்தம் சரிவை நோக்கி ஓடியது. மேலே, வெகு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யாரோ கத்தியால் இழுத்தது மாதிரி ஒரு கோடு விழுந்தது. பிறகு சரிவு முழுவதும் பாளம் பாளமாக உடைந்து புறப்பட்டது.

"இங்க வாங்க! மரத்துக்கு வாங்க!" என்று சயேகோ தொண்டை கிழியக் கத்தினாள். கிதாஜிமா திரும்பினார். கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விழுந்தார், எழுந்தார். அதற்குள் காற்றும் பொடியும் வந்து எல்லாரையும் மரங்களின் மேல் அறைந்தன. எங்கும் வெள்ளை. மூச்சு விட முடியவில்லை. மூக்கு, வாய், காது எல்லாம் பனி.

அது அடங்கியது. கிளைகளிலிருந்து பனி உதிரும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஷின்பெய், நீ சரிவைப் பாத்துட்டே நில்லு! இன்னொண்ணு வந்தா கத்து!" சயேகோவின் குரல்தான் முதலில் வந்தது. "நருமி அண்ணே, தலை எண்ணுங்க! மத்தவங்க தேடுகருவியைத் தேடற பக்கம் திருப்புங்க, யாரும் இடத்தை விட்டு அசையாதீங்க!"

நருமி எண்ணினார். காட்டுக்குள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் மட்டும் இல்லை. பனிமேட்டின் விளிம்பு மரங்களுக்கு முப்பது அடி தள்ளி நின்றிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கையுறை ஆடியது. கிதாஜிமா மார்புவரை புதைந்திருந்தார். முகம் வெளியே இருந்தது. மேட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்று பேர் மாற்றி மாற்றி வாரினார்கள். சிமெண்ட்போல் இறுகிய பனி. அவரை உருவி எடுக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. ஒரு கட்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

சயேகோ சூப்பும் கையுமாக உட்கார்ந்திருக்காவிட்டால் அந்த நேரத்துக்குப் பத்துப் பேரும் சரிவின் நடுவே ஏறிக்கொண்டிருப்பார்கள். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷின்பெய் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

மதியம் இரண்டு மணிக்கு அதே பாயில் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். நருமி இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி நெற்றி பாயில் படக் குனிந்தார். மற்ற நான்கு பேரும் குனிந்தார்கள்.

"நீ சொன்னதுதான் சரி சயேகோ. எங்களை மன்னிச்சுடு. விதி பழையபடியே இருக்கும்."

சயேகோவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள்.

"இன்னைக்கு நடந்ததுக்கு..."

"இன்னைக்கு நடந்ததுக்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம். எந்திரிங்க எல்லாரும். திங்கட்கிழமைக்குக் கேளுங்க."

ஐந்து தலைகளும் நிமிர்ந்தன. அவர்களுக்குப் புரியவில்லை.

"திங்கட்கிழமை ஒண்ணுமே விழலையேம்மா," என்றார் நருமி.

"அதைத்தான் சொல்றேன்! இன்னைக்கு விழுந்ததால நான் சரின்னா, திங்கட்கிழமை விழாததால நான் தப்பு. அப்படித்தானே? அப்போ அடுத்த தடவை நான் கவிழ்த்து, சரிவு பேசாம இருந்துச்சுன்னா மறுபடியும் சிரிப்பீங்க, மறுபடியும் கை தூக்குவீங்க. ஒவ்வொரு தடவையும் மலை வந்து எனக்கு சாட்சி சொல்லணுமா? நான் திங்கட்கிழமையும் சரி. செவ்வாய்க்கிழமையும் சரி. இன்னைக்கு அது விழாம இருந்திருந்தாலும் சரி. பனிச்சரிவுக்குக் குனியாதீங்க. அந்தப் பலகைக்குக் குனியுங்க, இல்லைன்னா கழட்டி அடுப்புல போடுங்க!"

முதலில் புரிந்தது ஷின்பெய்க்குத்தான். அவன் முகம் சிவந்தது. பாயில் நகர்ந்து அவளுக்கு எதிரே வந்து குனிந்தான்.

"திங்கட்கிழமைக்கு மன்னிச்சுடுங்கக்கா," என்றான். பிறகு மற்றவர்களும் திங்கட்கிழமைக்காகக் குனிந்தார்கள். சயேகோவும் பதிலுக்குக் குனிந்தாள். விதி மறுபடியும் சுவரேறியது.

கிதாஜிமா அன்றே கிளம்பிவிட்டார். அவருடைய குழுக்கள் எதுவும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அடுத்த குளிர்காலம் எப்படி ஓடும் என்பது நருமிக்கு இன்னும் தெரியாது.

அடுத்த புதன்கிழமை பிப்ரவரி இருபத்து நான்கு. காற்று இல்லை, மேகம் இல்லை. ஒரு வாரமாகப் புதுப்பனி இல்லை. முந்தின நாள் மாலை சயேகோ காட்டோரத்தில் மூன்று இடத்தில் தூண் வெட்டித் தட்டியிருந்தாள். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து. முப்பது தட்டுக்கும் ஒரு கீறல் விழவில்லை. சாகே குப்பியையும் சிகரெட்டையும் பையில் வைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு சங்கத்துக்குள் வந்தாள். பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக வாசலைப் பார்க்க வைத்தாள்.

ஐந்து பலகைகள் நிமிர்ந்திருந்தன. ஒன்று கவிழ்ந்திருந்தது.

ஷின்பெய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கைகளைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. காது இரண்டும் சிவந்திருந்தன. இன்று என்ன தேதி என்று அவனுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சயேகோவின் வாய் திறந்தது. முப்பது தட்டுடா, மூணு இடத்துல முப்பது தட்டு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ எங்கடா தோண்டினே, என்னத்தைக் கண்டே, போன வாரம் வாந்தி எடுத்த பயம் இன்னும் போகலையா, இந்த ஒரு நாள்தானா கிடைச்சுது உனக்கு? பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை இவ்வளவு கனமாக இருந்ததில்லை. முதுகுப்பையோடு தயாராக நின்ற நருமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயை மூடினாள்.

"டீ இருக்கா?" என்றாள்.

ஷின்பெய் பாய்ந்து போய் ஊற்றிக் கொடுத்தான். பாதி தட்டில் சிந்தியது. அவள் நின்றபடியே குடித்து முடித்துக் கோப்பையைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு அவளும் நருமியும் பீச் காட்டு முகட்டில் ஏறி நின்றார்கள். எதிரே பள்ளத்துக்கு அப்பால் நபேகுரா வெயிலில் மின்னியது. போன வாரத்து உடைவுக் கோடு இன்னும் உச்சியில் தெரிந்தது. அதன் இடப்பக்கம் இறங்காமல் மிச்சமிருந்த ஒரு துண்டுச் சரிவும் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் கவிழ்த்தானோ என்னவோ. நருமி அந்தத் துண்டைக் காட்ட விரலைத் தூக்கினார். சயேகோ அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சாகேயைப் பனியில் ஊற்றினாள். சிகரெட் இரண்டையும் பற்றவைத்து நட்டாள். பிறகு வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்துக்கொண்டாள். சத்தம் போட்டால் பனி சரியும் என்பதெல்லாம் ஊருக்குப் புதியவர்கள் நம்பும் கதை. அவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உரக்கக் கத்தினாள்.

"ஒரிகாசா அண்ணே! இன்னைக்கு அங்க வர முடியாது! ஷின்பெய் வேண்டாங்கறான்!"

எதிரொலி போய்த் திரும்பி வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஏன்னு எனக்குத் தெரியாது! நான் கேக்கலை! நீங்களும் கேக்கக் கூடாது!"